ஏ.சி. அறைக்குக் காற்று வர ஒரு குழாய்: கட்டும்போதே சுவரில் விட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை அறைக்குள் கொண்டுவருவதில்லை. வெளி யூனிட்டுக்கும் உள் யூனிட்டுக்கும் நடுவே ஓடுவது இரண்டு செம்புக் குழாய், ஒயர், தண்ணீர் வடியும் டியூப், அவ்வளவுதான். அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப அறைக்கே விடுகிறது. 'வெளியில மாட்டியிருக்கிற யூனிட்தான் நல்ல காற்றை எடுத்துத் தருது' என்று நம்புகிறவர்கள் சென்னையில் ஏராளம். பழைய ஜன்னல் ஏ.சி.யிலாவது 'வென்ட்' என்று ஒரு திருகு இருந்தது. திறந்தால் உள்காற்று கொஞ்சம் வெளியேறும். ஸ்பிளிட் வந்தபோது அதுவும் போயிற்று. கூடவே, இடுக்கு வழியே காற்றுவிட்ட மர ஜன்னல் போய், ரப்பர் வைத்து இறுக மூடும் யு.பி.வி.சி. ஜன்னல் வந்துவிட்டது.

இதன் விளைவைக் கணக்காகவே சொல்லிவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரமுள்ள படுக்கையறையில் இருப்பது 34 கன மீட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இரண்டு பேர் கதவடைத்துப் படுத்தால், இடுக்குக் கசிவைக் கணக்கில் எடுக்காமல், அறையில் அதன் அளவு மணிக்கு 700 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு) மேல் ஏறும். தெருவில் அது சுமார் 420. கசிவைச் சேர்த்தே பார்த்தாலும் விடியற்காலையில் 2,500-ஐத் தொடுவது அதிசயமில்லை. அது விஷம் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 5,000. ஆனால் கரியமில வாயு தேங்குகிற அறையில் உடல் வாடையும், மூச்சு ஈரமும், சளிக் கிருமியும் சேர்ந்தே தேங்குகின்றன. காலையில் தலை கனப்பதும் அறையில் புழுங்கல் வாடை அடிப்பதும் ஏ.சி. சர்வீஸ் செய்தால் தீராது. ஆளுக்கு மணிக்கு 27 கன மீட்டர், அதாவது இருவருக்கு 54 கன மீட்டர் வெளிக்காற்று வந்தால் அளவு 900 - 1,000-க்குள் நின்றுவிடும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. மேலே சொன்ன அறைக்கு 20 சதுர அடி. வரைபடத்தில் அது இருக்கும். இரவு பத்து மணிக்கு ஏ.சி. ஓடத் தொடங்கினால் திறந்திருப்பது பூஜ்யம். அந்தக் காலத்து மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு அடியில் கயிறு இழுத்துத் திறக்கும் வென்டிலேட்டர் இருந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் அறைக்கு ஒரு காற்றுவழி மிஞ்சியது. இன்றைய ஃபிளாட்டில் அந்த வேலையைச் செய்யக்கூடியது, திறப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சுவர் வென்டிலேட்டர்.

அமைப்பு எளிது. வெளிச்சுவரைக் குடைந்து ஒரு பி.வி.சி. குழாய். வெளிப்பக்கம் கீழ்நோக்கிய வாயுள்ள மூடாக்கு, அதற்குள் கொசுவலை. உட்பக்கம் வட்ட மூடி. அதைத் திருகியோ இழுத்தோ முழுத் திறப்பிலிருந்து முழு அடைப்பு வரை வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடன், பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில் இது பல காலமாகப் புழக்கத்தில் உள்ள பொருள். ஆனால் அங்கிருந்து வருகிற கிட்டை அப்படியே நம் சுவரில் மாட்டினால் சரிவராது. அங்கே உள்ளே வெதுவெதுப்பு, வெளியே உறைகுளிர். அறையின் ஈரம், வெளிக்குளிரால் குளிர்ந்துபோன மூடியில் படிந்து வியர்க்கும். சென்னையில் எல்லாம் தலைகீழ். இங்கே ஈரம் இருப்பது வெளியே. நம் கோடை இரவில் வெளிக்காற்றின் பனிநிலை பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதாவது 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று நீர் கோக்கும். ஏ.சி.யை 20-இல் வைத்துவிட்டு வென்டிலேட்டரை மூடினால், அறையின் குளிர் மூடிக்கு ஏறி, மூடியின் பின்பக்கம், குழாய்க்குள்ளே, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேரும். குழாய் உட்பக்கம் தாழ்ந்திருந்தால் அது சுவரில் வழிந்து பெயின்ட்டை உப்ப வைக்கும். 'மழைத்தண்ணி உள்ள வருது' என்று புகார் வரும் வீடுகளில், மழையே பெய்யாத மே மாதத்திலும் அந்தக் கறை வளர்வதற்குக் காரணம் இதுதான்.

தடுக்கச் செய்ய வேண்டியவை மூன்று. மூடியின் பின்புறத்தில், ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற அதே கறுப்பு நைட்ரைல் ரப்பர் தாளை 10 மி.மீ. கனத்தில் ஒட்ட வேண்டும். குழாய் கட்டாயம் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரின் கனத்துக்குள் 5 முதல் 8 மி.மீ. சரிவு போதும். ஏ.சி.யின் குளிர்வீச்சு மூடியில் நேராக அடிக்கக் கூடாது. அந்த வீச்சு 12 - 14 டிகிரியில் வருவதால் மூடி திறந்திருந்தாலும் வியர்க்கும். தெர்மோஸ்டாட்டை 25, 26-இல் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. காற்றை இழுப்பது மேல்பக்கத்திலிருந்து. எனவே உள் யூனிட்டுக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்றடி தள்ளி, அதன் மேல்விளிம்பு மட்டத்தில் வென்டிலேட்டர் இருந்தால், வந்த ஈரக்காற்று முதலில் ஏ.சி.க்குள் போய்க் காய்ந்து குளிர்ந்த பிறகே கட்டிலுக்கு வரும். பக்கவாட்டில் வைக்கலாம், எதிரே கூடாது. கட்டில் தலைமாட்டுக்கு மேலே வைத்துவிட்டு 'முகத்தில் வெக்கை அடிக்குது' என்று துணி அடைத்து மூடிய வீடுகள் பல உண்டு.

வெளிப்பக்கத்துக்கு வருவோம். முடிந்தவரை தெற்குச் சுவர். கோடை மாலைக் கடற்காற்று அந்தப் பக்கம் நன்றாகத் தொடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் சாரல் அதிகம் அறையாது. வடக்கும் கிழக்கும்தான் வாய்ப்பு என்றால், ஜன்னலைத் தாண்டி நீளும் சன்ஷேடுக்கு அடியில் இடம் பார்க்க வேண்டும். ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை) என்று எல்லோரும் சொல்கிற, கட்டடத்தின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் டக்ட்டில் மட்டும் வைக்கவே கூடாது. எல்லா மாடிக் குளியலறைகளின் எக்ஸாஸ்ட்டும் கழிவுக் குழாய்களின் வென்ட்டும் திறப்பது அதற்குள்தான். வீட்டைச் சுற்றி வெற்றிடம் இல்லாதபோது மேஸ்திரிகள் முதலில் காட்டும் இடமும் அதுவே. சமையலறைச் சிம்னி வாய், ஜெனரேட்டர் புகைக்குழாய், கழிவு வென்ட் மூன்றிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். ஏ.சி. வெளி யூனிட் வெப்பக்காற்றைத் தள்ளும் பக்கமும் ஆகாது. தரைத்தள வீடு என்றால் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த சுவரைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. நாலங்குலக் குழாய் ஒன்று போதும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 110 மி.மீ. குழாயின் வாய் சுமார் 85 முதல் 90 சதுர செ.மீ.; வலை, சட்டம், மூடி எல்லாம் கழித்தால் காற்றுக்கு மிஞ்சுவது ஐம்பது. காற்றில்லாத இரவில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாடு ஓரிரு பாஸ்கல்தான். அந்த அழுத்தத்தில் அதன் வழியே வருவது மணிக்கு 15 முதல் 20 கன மீட்டர், அதாவது ஒருவருக்கே பற்றாது. இருவர் படுக்கும் அறைக்கு 160 மி.மீ. குழாய் போட்டு, கூடவே காற்றை நகர்த்தவும் ஏதாவது வைக்க வேண்டும்.

காற்று உள்ளே வர வேண்டுமானால் அதே அளவு வெளியே போக வேண்டும். இந்த ஒன்றை மறந்து, சுவரில் துளை மட்டும் போட்டுவிட்டு 'காத்தே வரலை' என்பவர்கள் அதிகம். ஒட்டியுள்ள குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த வெளிவழி ஆகலாம். ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆறங்குல ஃபேன் முழு வேகத்தில் மணிக்கு 150 கன மீட்டருக்கும் மேல் இழுத்துவிடும், ஏ.சி.யின் குளிரெல்லாம் ஓ.டி.எஸ்.ஸுக்குப் போய்விடும். இரவு முழுக்க ஓடத் தேவை 50 - 60 கன மீட்டர் இழுக்கும், சத்தமில்லாத நாலங்குல ஃபேன். குளியலறைக் கதவின் அடியில் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். குளியலறை ஜன்னல் திறந்திருந்தால் ஃபேன் அதன் வழியாகவே காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும். படுக்கையறைக்கு ஒன்றும் கிடைக்காது. தரையில் கழிவுநீர் வடியும் நானி டிராப்பில் தண்ணீர் வற்றியிருந்தால் சாக்கடை வாடையைத்தான் இழுக்கும்; வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கும் வீட்டில் இந்த முறையை நினைக்கவே கூடாது. ஃபேனின் இழுப்பில் கீசரின் எரிபுகை அறைக்கே திரும்பும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

இன்னொரு முறை, வென்டிலேட்டர் குழாய்க்குள்ளேயே சின்ன ஃபேனை வைத்துக் காற்றை உள்ளே தள்ளுவது. 5 முதல் 10 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் போதும். சென்னைக்கு இதுவே மேல் என்பது என் எண்ணம். அறையில் அழுத்தம் சற்றுக் கூடியிருப்பதால், கண்ட இடுக்கிலிருந்தெல்லாம் ஈரக்காற்று நுழைவதற்குப் பதில், காய்ந்த காற்று இடுக்கு வழியே வெளியேறும். வடிகட்டி வைக்கவும் இதில்தான் முடியும். ஃபேன் இல்லாத குழாயில் நெருக்கமான வடிகட்டி வைத்தால், அதைத் தாண்ட ஓரிரு பாஸ்கல் பற்றாது. வடிகட்டி இருக்கும், காற்று இருக்காது. கிட்டோடு வரும் பஞ்சு வடிகட்டி தூசியையும் பூச்சியையும் தடுக்கும், பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளைத் தடுக்காது. அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து வீடுகளுக்கு ஃபேனும் தகுந்த வடிகட்டியும் இல்லாமல் இதைச் செய்வதில் பயனில்லை.

'ஏ.சி. அறையில் ஓட்டை போட்டால் கரண்ட் பில் என்னாவது?' என்ற கேள்வி நியாயமானது. மணிக்கு 54 கன மீட்டர் வெளிக்காற்று வந்தால், ஏ.சி. அறைக் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 700 மில்லி தண்ணீர் கூடுதலாக ஆவியாக வருகிறது. வெப்பத்தைவிட இந்த ஈரத்தைப் பிழிந்தெடுப்பதே ஏ.சி.க்குப் பெரிய வேலை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 600 வாட் குளிர்ச்சுமை, அதாவது ஒன்றரை டன் ஏ.சி.யின் திறனில் ஒன்பதில் ஒரு பங்கு. மின்சாரமாகப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குள். விருந்தாளிகள் வந்தால் திறப்பைக் கூட்டலாம், ஒருவர் மட்டும் படுக்கும் நாளில் பாதியாக்கலாம். கூட்டிக் குறைக்கும் வசதி எதற்கு என்றால் இதற்குத்தான். போகி விடியலிலும் தீபாவளி இரவிலும் முழுக்க மூடிவிட வேண்டும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் புகை கிளம்பும் நாட்களிலும் அப்படியே. வர்தா, மிக்ஜாம் மாதிரிப் புயல் வந்தால் உயர்மாடிகளில் மழை கீழிருந்து மேலாகச் சுவரில் ஏறும். கீழ்நோக்கிய மூடாக்கு அப்போது காப்பாற்றாது. உள்மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்ப்பது அதற்காகத்தான்.

இப்போது சுவரைக் குடைவது. உளி சுத்தியல் வைத்து உடைக்கவே கூடாது. ஆறங்குலத் துளை ஓரடி ஆகும், சுற்றிலும் செங்கல் ஆட்டம் கண்டு, அடுத்த மழையில் அந்த வெடிப்பில் நீர் இறங்கும். சுவரை வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் மெஷின்தான். 110 மி.மீ. குழாய்க்கு 125 மி.மீ. பிட், 160-க்கு 180 வாக்கில். பீம், காலம், லிண்டல் மூன்றையும் தொடக் கூடாது. ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே ஒயர் பைப் போகும். அந்தக் கோட்டிலிருந்து விலக வேண்டும். முதலில் மெல்லிய பிட்டில் ஒரு வழிகாட்டித் துளை போட்டு, வெளியே எங்கே வருகிறது என்று பார்த்த பிறகே பெரிய பிட்டைத் தொட வேண்டும். கடைசி ஓரங்குலத்தில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் வெளிப்பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். ஒன்பதங்குலச் செங்கல் சுவரில் ஐந்தங்குலத் துளை போட்டால் விழும் உருளையின் எடை நாலு கிலோவுக்கு மேல். மூன்றாவது மாடியிலிருந்து அது யார் தலையிலாவது விழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே சாரத்தில் ஆளோ, கட்டிய சாக்குப் பையோ இல்லாமல் தொடங்கக் கூடாது. எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் சுவர் சீக்கிரம் அறுபடும், விளிம்பு உதிரும். புதிய அடுக்ககங்களில் மைவான் எனப்படும் அலுமினிய ஷட்டரிங் போட்டு வார்த்த கான்கிரீட் சுவர் வேறு விஷயம்: அந்தச் சுவர்தான் கட்டடத்தைத் தாங்குகிறது, உள்ளே கம்பி இருக்கிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதில் துளை போடக் கூடாது.

குழாயைப் பொருத்தியபின் சுற்றியுள்ள இடைவெளியை பி.யு. ஃபோமால் (பாலியூரித்தேன் நுரை) நிரப்பி, வெளிப்பக்கம் ஓரங்குல ஆழத்துக்கு ஃபோமை வெட்டியெடுத்துவிட்டு, பாலிமர் கலந்த சிமென்ட் சாந்தால் அடைக்க வேண்டும். ஃபோம் வெயிலில் பொடியாகும், தனியாக விடக் கூடாது. குழாய் சுவரைத் தாண்டி 10 மி.மீ. நீட்டியிருந்தால் நீர் சுவரில் வழியாமல் சொட்டும். மூடாக்கின் மேல்பக்கமும் இரு ஓரமும் சிலிகான் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போன நீருக்கு வழியில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையும் திருகும் விரைவில் துருவேறும். 316 தர ஸ்டெயின்லெஸ் அல்லது நைலான் வலை நிற்கும்.

இது பழுதாவது என்றால் பெரும்பாலும் வலை அடைபட்டுத்தான். மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். மெட்ரோ வேலை நடக்கும் சாலையென்றால் பதினைந்து நாளுக்கொருமுறை. வலை கிழிந்தால் முதலில் குடியேறுவது மண்குளவி. குழாயையே மண்ணால் அடைத்துவிடும். உள்ளேயிருந்து கழற்றி மாட்டக்கூடிய வலையாக வாங்காவிட்டால், கழுவ ஒவ்வொரு முறையும் கயிற்றில் தொங்க ஆள் தேட வேண்டும், அதனால் யாரும் கழுவ மாட்டார்கள். காற்று வருகிறதா என்று பார்க்க ஊதுபத்திப் புகையே போதும். அளவு தெரிய வேண்டுமானால் அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் உள்ள கரியமில வாயு மீட்டர் வேண்டும். வேறு வாயுக்களை வைத்து ஊகித்து எண் காட்டும் மலிவு மீட்டர்கள் ஊதுபத்திக்கும் சாம்பார் தாளிப்புக்கும் துள்ளிக் குதிக்கும்.

சாலைச் சத்தமும் இதே வழியாக வரும் என்பதை மறைக்க வேண்டாம். 160 மி.மீ. குழாய்க்குள் 25 மி.மீ. ஒலித்தடுப்பு உறை வைத்தால் நடுவே ஏறத்தாழ நாலங்குலம் மிஞ்சும், சத்தமும் குறையும். காற்றும் குறைவதால் அப்போது உள்ளே தள்ளும் ஃபேன் இல்லாமல் ஆகாது. 110 மி.மீ. குழாயில் உறை வைக்கப் போனால் காற்றுக்கு இடமே இருக்காது. உறை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பஞ்சு உறை பூசணம் பிடிக்கும்.

இத்தனை கோர் கட்டிங்கும் சாரமும் அனுமதியும், சுவர் எழுப்பும்போது ஒரு துண்டுக் குழாய் வைக்காததால் வருகிற வினை. அடுக்ககம் கட்டுபவர்களிடமும், வரைபடம் பார்க்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும், தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்திடமும் கேட்பது இவ்வளவே: ஏ.சி. பாயின்ட் கொடுக்கும் ஒவ்வொரு அறையிலும், வெளிச்சுவரில் 160 மி.மீ. பி.வி.சி. ஸ்லீவ் (துண்டுக் குழாய்) ஒன்றை வெளிச்சரிவோடு வைத்து, இரு பக்கமும் மூடி போட்டு விடுங்கள். பக்கத்தில் ஒரு 5 ஆம்பியர் பாயின்ட். ஆகிற செலவு ஒரு முழத்துக்கும் குறைவான குழாய், இரண்டு மூடி, கொஞ்சம் ஒயர். வேண்டியவர்கள் பின்னால் வென்டிலேட்டரை மாட்டிக்கொள்வார்கள், வேண்டாதவர்களுக்கு அது மூடியே கிடக்கும். மைவான் கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், ஷட்டரிங் வரைபடத்திலேயே இது இடம்பெற வேண்டும். துளையைச் சுற்றிக் கூடுதல் கம்பி எவ்வளவு என்பதை இன்ஜினீயர் அப்போதே சொல்லிவிடுவார். வீட்டை ஒப்படைக்கும்போது தரும் வரைபடத்தில் ஸ்லீவின் இடத்தைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளந்து குறித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் உள்மூடிமேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடுவார்கள், அல்லது ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் அதை மூடிவிட்டுப் போவார்.

இப்படிக்கு,
ஏ.சி., காற்றோட்ட வேலை பார்க்கும் பொறியாளர்,
வேளச்சேரி, சென்னை.